நிகாஹ் முடிந்த பிறகு யார் துணை?
தன்னாமுனைச் சாலையில் எழும் ஒரு கேள்வி

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூருக்குப் பஸ்ஸில் போகும் நம் சகோதரிகள் தன்னாமுனையைத் தாண்டாமல் போக முடியாது. சத்துருக்கொண்டான் கழிந்ததும் வரும் வாவிக்கரைக் கிராமம் அது. பெரும்பாலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஊரின் ஆலயமும் பாடசாலையும் புனித சூசையப்பர் பெயரில் இருக்கின்றன. 'மியானி' என்ற தொழிற்பயிற்சி நிலையத்தின் பெயரைக் கேட்டால் மட்டக்களப்பு மாவட்டத்தில் பலரும் தன்னாமுனையைத்தான் சொல்வார்கள்.

சூசையப்பர் யார்? கிறிஸ்தவர்களின் நம்பிக்கையில் அவர் அன்னை மர்யமுக்கும் குழந்தை ஈஸாவுக்கும் காவலாக நின்ற தச்சர். குடும்பங்களின் பாதுகாவலர் என்று அவரைப் போற்றுகிறார்கள். அந்த நம்பிக்கை அவர்களுடையது. மர்யம் (அலை) அவர்களின் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்க, நமது நம்பிக்கை நமக்கு இருக்கிறது. ஆனால் 'ஒரு குடும்பத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு காவல் வேண்டும்' என்ற எண்ணம் இருக்கிறதே, அது எந்த மதத்தவரும் யோசித்துப் பார்க்க வேண்டிய ஒன்று அல்லவா?

நாம் பெண் பார்ப்பதிலிருந்து வலீமா விருந்து வரை எவ்வளவு பேர் கூடி நிற்கிறோம்! மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், பள்ளிவாசல் நிருவாகிகள், ஊர்ப் பெரியவர்கள் என்று வீடு கொள்ளாது. அதன் பிறகு? அந்தக் கணவன் மனைவியைப் பற்றிச் சமுதாயம் மறுபடியும் கேள்விப்படுவது பெரும்பாலும் வழக்கு காழியாரிடம் போன பிறகுதான். நிகாஹ்வுக்கும் தலாக்குக்கும் இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் அவர்களுக்குத் துணை யார்?

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் சில இடங்களில் அமைப்பு ரீதியாகவே விடை தேடியிருக்கிறார்கள். அதை அறிந்துகொள்வதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

திருமணத்துக்கு முன்பே ஒரு பாடம்

கத்தோலிக்கர் மத்தியில் ஆலயத்தில் திருமணம் செய்ய விரும்பும் ஆணும் பெண்ணும் முதலில் திருமண ஆயத்த வகுப்புக்குப் போகவேண்டும். இல்லற வாழ்க்கை, பிள்ளை வளர்ப்பு, வரவு செலவு, கோபதாபங்களைத் தீர்க்கும் வழி என்று பல விடயங்கள் அங்கே பேசப்படும். குருவானவர் மட்டுமல்ல, பல ஆண்டுகள் குடும்பம் நடத்திய தம்பதிகளும் வந்து பேசுவது உண்டு. பிறகு ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறுகளில் அறிவிக்கும் வழக்கம் அது. ஏமாற்றுக் கலியாணத்தைத் தடுக்கும் வேலி. அதோடு, 'உன் சொந்த விருப்பத்தோடுதான் சம்மதிக்கிறாயா?' என்று குருவானவர் இருவரையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

இஸ்லாமும் பெண்ணின் சம்மதத்தை நிபந்தனையாக வைத்த மார்க்கம்தான். ஆனால் இலங்கையில் 1951ஆம் ஆண்டு இயற்றப்பட்ட முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கேட்கவில்லை. மணமகனும் வலீயும் கையெழுத்திட்டால் போதும் என்றிருந்தது. அந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அறிக்கை கையளிக்கப்பட்டது 2018இல்! ஒன்பது ஆண்டுகள்! இதற்கிடையில் எத்தனை பெண்கள் கலியாணமாகிக் காழி நீதிமன்றப் படியேறி இறங்கியிருப்பார்கள்!

ஒரு பாட்டியின் தயக்கம்

இனி ஓர் இங்கிலாந்துக் கதை. தென் இங்கிலாந்தில் ஓல்ட் ஆல்ரஸ்ஃபர்ட் என்ற சிற்றூர். அங்கே அங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவரின் மனைவி மேரி சம்னர். 1828இல் பிறந்தவர், 1848இல் மணமானவர், மூன்று பிள்ளைகளின் தாய். 1876இல் அவருடைய மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. முதல் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு தாம் ஒரு காலத்தில் எவ்வளவு பயந்தோம், கேட்பதற்கு ஆளில்லாமல் எவ்வளவு திண்டாடினோம் என்று அந்தப் பாட்டிக்கு அப்போது நினைவு வந்தது. தமக்கே அப்படியென்றால் ஏழைத் தாய்மாரின் பாடு என்ன?

ஊர்த் தாய்மாரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். சீமாட்டிகளும் வந்தார்கள், கூலித் தொழிலாளரின் மனைவியரும் வந்தார்கள். ஆனால் பேச எழுந்த அவருக்கு நாவே எழவில்லை! 'அடுத்த வாரம் வாருங்கள்' என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் துணிந்து பேசினார். 'தாய்மார் ஒன்றியம்' என்ற மாபெரும் இயக்கத்தின் பிறப்பு இவ்வளவு எளிமையானது.

பிள்ளை வளர்ப்பு என்பது தானாக வந்துவிடும் ஒன்றல்ல, கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் என்பதுதான் அவர் சொன்ன செய்தி. 1885இல் போர்ட்ஸ்மத் நகரில் நடந்த திருச்சபை மாநாட்டில் பெண்கள் கூட்டமொன்றில் அவர் பேசிய பிறகு இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1897இல் விக்டோரியா மகாராணியே அதன் புரவலரானார். மேரி சம்னர் 1921இல் காலமானார். இன்று அந்த ஒன்றியத்துக்கு எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் நாற்பது இலட்சம் அளவில் உறுப்பினர்கள். அவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தில் இல்லை, ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். இலங்கைத் திருச்சபையிலும் அதற்குக் கிளைகள் உண்டு.

வாசல் அடைத்த விதி

இந்த இயக்கத்தின் வரலாற்றில் புகழ் மட்டும் இல்லை, ஒரு பெரிய வடுவும் உண்டு. திருமணத்தின் புனிதத்தைக் காப்பது என்ற கொள்கையின் பெயரால் விவாகரத்தான பெண்களை நீண்ட காலம் அது உறுப்பினராகச் சேர்க்கவில்லை. கணவன் கைவிட்டுப் போனாலும் சரி, அடித்துத் துரத்தினாலும் சரி, விவாகரத்து ஆகிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை! யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவளுக்கே வாசல் அடைக்கப்பட்டது. இதனால் உள்ளுக்குள்ளேயே பெரும் விவாதம் நடந்து, 1970களில்தான் விதி மாறியது. அதன் பிறகு விவாகரத்தானவர்களும் சேரலாம், மணமாகாதவர்களும் சேரலாம். இன்று ஆண்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? குடும்பத்தைக் காப்பது என்று தொடங்கும் எவருக்கும் இந்த ஆபத்து உண்டு. உடையாத குடும்பத்தைப் பாராட்டிவிட்டு, உடைந்த குடும்பத்தை ஒதுக்கிவிடும் ஆபத்து. நம் ஊர்களிலும் தலாக் ஆன பெண்ணை நல்ல காரியங்களில் முன்னே நிற்க விடாத வழக்கம் இருக்கிறதா, இல்லையா? மார்க்கம் அவளுக்கு மறுமணத்தை அனுமதித்திருக்க, ஊர் அவளுக்கு வாசல்படியைக்கூட அனுமதிப்பதில்லை!

என்னதான் செய்கிறார்கள்?

தாய்மார் ஒன்றியத்தின் வேலைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானியாவில் பெற்றோர் குழுக்களை நடத்துகிறார்கள். இதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர், பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த ஒரு தாய் அல்லது தந்தை, பத்துப் பன்னிரண்டு பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசுவார். விரிவுரை கிடையாது. பிள்ளை சொல் கேட்கவில்லை, பொய் சொல்கிறது, பாடசாலைக்குப் போக மறுக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் குறையைச் சொல்ல, மற்றவர்கள் தம் அனுபவத்தைச் சொல்வார்கள். 'என் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்' என்ற பாரம் இறங்கிவிட்டாலே பாதி நோய் தீர்ந்த மாதிரிதான்.

சிறையில் இருக்கும் தந்தையைப் பார்க்கப் பிள்ளைகள் வரும்போது அவர்கள் பயந்துவிடாமல் இருக்க விளையாட்டு இடம் ஒழுங்கு செய்கிறார்கள். நோய், கடன், துக்கம் என்று நொந்துபோன குடும்பங்கள் சில நாட்கள் கவலையின்றித் தங்கி வர ஒரு விடுமுறைத் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலோ தேவை வேறு. 2000ஆம் ஆண்டில் புருண்டி, மலாவி, சூடான் ஆகிய நாடுகளில் எழுத்தறிவு வட்டங்களைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் மருந்துப் போத்தலைப் படிப்பாள், கணக்குப் புத்தகத்தைப் படிப்பாள். கைநாட்டு வைக்கச் சொல்லி யாரும் அவளை ஏமாற்ற முடியாது.

அரசாங்கத்தோடு வாதாடுவதும் உண்டு. பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரங்கள், வயதுக்கு மீறிய ஆடைகள், ஆபாசம் ஆகியவற்றைப் பற்றி ஆராயும் பொறுப்பை இந்த ஒன்றியத்தின் தலைமை நிருவாகியாக இருந்த ரெஜ் பெய்லியிடம் பிரித்தானிய அரசு ஒப்படைத்தது. 2011இல் அவர் கொடுத்த அறிக்கையில் 14 பரிந்துரைகள் இருந்தன. பிள்ளைகளைப் பிள்ளைகளாக இருக்க விடுங்கள் என்பதே அதன் சாரம். கைத்தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுக் கலங்கும் நம் தாய்மாருக்கும் இது அந்நியமான கவலை இல்லையே!

வாவிக்கரையில் பட்ட காயங்கள்

மட்டக்களப்பு மண்ணில் கிறிஸ்தவத் தொண்டு நேற்று வந்ததல்ல. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கே வந்து பாடசாலை தொடங்கினார். புனித மிக்கேல் கல்லூரி 1873இல் உருவானது. முஸ்லிம் பிள்ளைகளும் அவற்றில் படித்தார்கள்.

ஆனால் குடும்பங்களைத் தாங்கிப் பிடிக்கும் தொண்டுக்கு இங்கே வேறொரு காரணம் வந்தது. 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பத்து நாட்கள் கழியுமுன் ஏறாவூரில் பச்சிளங் குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9ஆந் திகதி தன்னாமுனையின் அயற்கிராமமான சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்கள், அவர்களிலும் பெண்கள், பிள்ளைகள், கொல்லப்பட்டார்கள். ஐந்தே வாரங்கள்! ஒரே வாவிக்கரை! விதவைகளும் அநாதைகளும் எல்லாத் தெருக்களிலும் ஒரே மாதிரித்தான் அழுதார்கள்.

அந்த நாட்களில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார் பலர் போய் நின்ற இடங்களில் ஒன்று மட்டக்களப்பு இயேசு சபைக் குருமாரின் இல்லம். 1948இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹரி மில்லர் அடிகளார் மட்டக்களப்பு சமாதானக் குழுவினரோடு சேர்ந்து அந்தத் தாய்மாரின் முறைப்பாடுகளைப் பதிவு செய்தார். 1996இல் அதே சபையைச் சேர்ந்த பால் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் மனம் நொந்த தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்து வந்து வரையவும், பாடவும், களிமண்ணில் உருவம் செய்யவும், கதை சொல்லவும் விட்டார்கள். உம்மாவிடமும் சொல்லாத பயத்தைப் பிள்ளை ஒரு படத்தில் சொல்லிவிடும்.

மறைமாவட்டத்தின் கரித்தாஸ் எகெட் நிறுவனம் 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் வீடு, தொழில் என்று குடும்பங்களை எழுப்பி நிறுத்தும் பணிகளில் இறங்கியது. கத்தோலிக்கப் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் டி போல் சபையும் குறிப்பிடத்தக்கது. 1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஒசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது அது. உறுப்பினர்கள் இருவர் இருவராக ஏழைகளின் வீடு தேடிப் போவார்கள். வரிசையில் நிற்க வைத்துப் பொதி கொடுத்துப் படம் எடுப்பதில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிவிட்டு, தேவை அறிந்து உதவிவிட்டு வருவார்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று நாம் படித்த பாடம்தான்!

இதை எழுதும்போது 2019 ஏப்ரல் 21ஐ மறைத்துவிட்டு எழுத முடியாது. அந்த ஈஸ்டர் ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற பிள்ளைகள் உட்படப் பலரைக் கொன்றவன் முஸ்லிம் பெயர் தாங்கியவன். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அந்தக் கொலைகாரர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. ஆயினும் அந்தத் தாய்மாரின் மடி வெறுமையானது வெறுமையானதுதான். அயலவரின் குடும்பத்தைக் காக்கும் பொறுப்பிலும் நமக்குப் பங்குண்டு என்பதை அந்த நாள் இரத்தத்தால் எழுதிவிட்டுப் போயிற்று.

நம் வீட்டுக்குள் நடப்பது

கிழக்கிலங்கையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான ஒரு நல்வழக்கம் உண்டு. குடி என்பது தாய்வழியாக வரும். கலியாணமான பெண் தன் தாய்வீட்டை விட்டுத் தூரம் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. ஆகவே பிள்ளை பெற்றவளுக்கு உம்மா பக்கத்தில், ராத்தா அடுத்த வளவில், சாச்சி எதிர்வீட்டில். மேரி சம்னர் தேடிய துணை நமக்கு வேலிக்கு அப்பாலேயே இருந்தது!

இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். போர் குடும்பங்களைச் சிதறடித்தது. சுனாமி கரையோரத் தெருக்களை அடித்துச் சென்றது. மகளுக்கு வீடு கட்டவேண்டும் என்று வாப்பா கடலுக்கு அப்பால் போனார். பிறகு உம்மாவே பணிப்பெண்ணாகப் போனார். மூதூர் ரிசானா நபீக்கை யார் மறப்பார்? பதினேழு வயதில் வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்து அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளை 2013 ஜனவரி 9ஆந் திகதி சவூதியில் சிரச்சேதம் செய்யப்பட்டாள். அவள் போனதும் ஏழைக் குடும்பம் ஒன்றைத் தூக்கி நிறுத்தத்தான்.

வீட்டிலிருக்கும் பெண்களைச் சூழ்ந்தது நுண்கடன். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பாளருக்குப் பயந்து ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க வேறொன்று என்று எத்தனை பெண்கள் மூழ்கினார்கள்! நிலைமை முற்றியதால் 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்றுச் செலுத்த முடியாதிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. வட்டி ஹராம் என்று குத்பாவில் கேட்கிறோம். வட்டியில்லாக் கடன் எங்கே கிடைக்கும் என்று அந்தப் பெண்ணுக்கு யார் காட்டினார்கள்?

இது மதம் மாற்றும் தந்திரமா?

கிறிஸ்தவத் தொண்டு என்றதும் இந்தக் கேள்வி எழும். எழுவதில் தவறில்லை. அரிசிப் பொதியோடு போதனைப் புத்தகத்தையும் திணித்தவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களைப் பற்றிச் சுனாமிக்குப் பின் நாடெங்கும் முறைப்பாடு எழுந்தது. ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. கிறிஸ்தவ சபைகளுக்குள்ளேயே இந்த வழிமுறையைக் கண்டித்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் சகோதரி ஒருத்தி தன் கண்ணீரைத் துடைக்க வேறொரு வாசலுக்குப் போகிறாள் என்றால், முதலில் அவள் நம் வாசலைத் தட்டவில்லையா? தட்டியபோது திறந்தோமா?

நம்மால் முடிந்தவை

இவர்கள் செய்வதை அப்படியே பார்த்தெழுத வேண்டியதில்லை. வேண்டிய கருவிகள் எல்லாம் நம் கையிலேயே இருக்கின்றன.

முதலாவது, நிகாஹ்வுக்கு முன் ஒரு நாள் வகுப்பு. மலேசியாவில் முஸ்லிம் மணமக்கள் திருமணப் பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழைக் காட்ட வேண்டும். நம் மஹல்லாவில் அனுபவமுள்ள ஒரு மவ்லவி, ஒரு குடும்ப நல மாது, குடும்பம் நடத்தித் தேறிய ஒரு தம்பதி சேர்ந்தால் போதாதா? மஹர் என்ன, தலாக்கின் ஒழுங்கு என்ன, பஸஹ் என்ன என்று மணமகளுக்கும் தெரியட்டும்.

இரண்டாவது, சமரசம். கணவன் மனைவிக்குள் பிளவு வருமென்று அஞ்சினால் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வையுங்கள் என்று சூரத்துன் நிஸாவிலேயே வழி காட்டப்பட்டிருக்கிறது. தலாக் விண்ணப்பம் வந்தால் காழியார் முதலில் சமரசத்துக்கு முயலவேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமும் சொன்னது. ஆனால் கடிதம் எழுதிய பிறகு செய்யும் சமரசம் வீடு எரிந்த பிறகு தண்ணீர் ஊற்றுவது போன்றது. புகை வரும்போதே போகக்கூடிய இருவர் ஒவ்வொரு மஹல்லாவிலும் வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். ஏனென்றால் சில விடயங்களைப் பெண் ஆணிடம் சொல்லமாட்டாள்.

மூன்றாவது, அடி உதை வாங்கும் பெண்ணிடம் சமரசம் பேசி அனுப்பிவிடாதீர்கள். பொறுமை வேறு, உயிருக்கு ஆபத்து வேறு. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனப் பெண்களுக்கும் பொதுவானது. நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, பிள்ளைகளுக்கு 1929. இந்த இரண்டு இலக்கங்களையும் அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.

நான்காவது, கடன். ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியோரும் ஒரு பிரிவினர். ஆளுக்கொரு ஐந்நூறு ரூபாவாகச் சிதறாமல் கூட்டாகச் சேர்த்தால் ஆண்டுக்குச் சில குடும்பங்களையாவது நுண்கடன் கிடங்கிலிருந்து மீட்கலாம். நம் பெண்கள் காலங்காலமாகப் போட்டுவரும் வட்டியில்லாச் சீட்டு இருக்கவே இருக்கிறது. அதை ஒழுங்காகக் கணக்கெழுதி நடத்தினால் அதுவே ஒரு சிறு வங்கி!

ஐந்தாவது, தாய்மார் கூடிப் பேச ஓரிடம். பெரிய மண்டபம் வேண்டாம். மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின் ஒரு வீட்டுத் திண்ணை போதும். தலாக் ஆனவளும் வரட்டும், விதவையும் வரட்டும், தாய் வெளிநாட்டில் இருக்கப் பேரப்பிள்ளையை வளர்க்கும் மூதாட்டியும் வரட்டும்.

சகோதரிகளே! நாக்குழறிப் போன ஒரு பாட்டி அடுத்த வாரம் மறுபடி எழுந்து பேசியதில் தொடங்கியது அந்த இயக்கம். பேச்சாளராகவோ படிப்பாளியாகவோ பணக்காரியாகவோ இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் ஒழுங்கையில் இந்த மாதம் குழந்தை பெற்றவள் யார், கணவன் வீட்டுக்கு வருவதில்லை என்று ஊர் முணுமுணுக்கும் பெண் யார், தாய் வெளிநாடு போன பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். பள்ளிவாசல் நிருவாக சபைக்குத் தெரியாது, பிரதேச செயலகத்துக்கும் தெரியாது. முதலில் அந்த வீட்டுக் கதவை நீங்கள் தட்டுங்கள். கையில் ஒரு கிண்ணம் கஞ்சியோடு போனாலும் போதும்.